வெதுவெதுப்பா, வேண்டாவெறுப்பா? ‘லூக்வார்ம்’ (lukewarm) என்ற ஆங்கிலச் சொல் பற்றி வாசகர் கேள்விகள்

வங்கித் தேர்வுக்குத் தயாராகும் வாசகர், விருதுநகர்: ‘லூக்வார்ம்’ என்றால் ‘வெதுவெதுப்பான’ என்று அகராதி சொல்கிறது. பயிற்சித் தாளில் இதற்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். ‘கோல்ட்’ என்று குறித்தேன். தப்பு, ‘என்தூசியாஸ்டிக்’தான் சரி என்கிறார்கள். வெதுவெதுப்புக்கும் உற்சாகத்துக்கும் என்ன பகை?

அகராதி சொன்னது சரிதான். ஆனால் பாதி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. தண்ணீர், பால், சூப் பக்கத்தில் வந்தால் லூக்வார்ம் என்பது இளஞ்சூடு. வரவேற்பு, ஆதரவு, கைதட்டல், விமர்சனம் பக்கத்தில் வந்தால் ‘சுரத்தில்லாத’, ‘ஒப்புக்குச் செய்த’ என்று பொருள் மாறிவிடும். ‘தி ஃபிலிம் காட் எ லூக்வார்ம் ரெஸ்பான்ஸ்’ என்றால் படத்தை யாரும் திட்டவில்லை, யாரும் கொண்டாடவும் இல்லை என்று அர்த்தம்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு டம்ளர் காபி போதும். காபி சூடாக இருக்க வேண்டும், ஜூஸ் ஜில்லென்று இருக்க வேண்டும். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்திருக்கும். அந்த நிலைக்குத்தான் லூக்வார்ம் என்று பெயர். ‘திஸ் காஃபி இஸ் லூக்வார்ம்’ என்று ஒருவர் சொன்னால் அது புகார். தமிழில் அந்த இடத்தில் ‘காபி வெதுவெதுப்பாக இருக்கிறது’ என்று சொல்ல மாட்டோம், ‘ஆறிப்போச்சு’ என்போம். எதிர்பார்த்த சூடு இல்லை என்ற அந்தக் குறைதான் வரவேற்புக்கும் ஆதரவுக்கும் தாவியது. சூடே தேவைப்படாத இடத்தில், உதாரணமாகக் குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரில், அதே சொல்லுக்கு எந்தக் குறையும் கிடையாது.

தேர்வில் லூக்வார்ம் வந்தால் முதலில் பக்கத்தில் என்ன பெயர்ச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். சொல் தனியாக வந்தால் விடைகளைப் பாருங்கள். நான்கில் மூன்று மனநிலையைக் குறித்தால் கேள்வியும் மனநிலை பற்றியதுதான். ஒத்த பொருள் சொல்லாக டெப்பிட் (tepid), இன்டிஃபரன்ட் (அக்கறையில்லாத), ஹாஃப்-ஹார்ட்டட் (அரைமனதான) வரும். எதிர்ச்சொல்லாக என்தூசியாஸ்டிக், ஆர்டன்ட், ஃபெர்வென்ட் வரும், மூன்றுமே ஆர்வம் பொங்குவதைச் சொல்பவை. ‘கோல்ட்’ ஏன் ஆகாது என்றால், ஆர்வம் குறைந்துகொண்டே போகும் அதே பாதையில் லூக்வார்முக்கும் கீழே இருக்கும் படிதான் கோல்ட். எதிர்ச்சொல் மறுபக்கம் இருக்கிறது.

வாசகி, திருச்சி: ரொட்டிக் குறிப்பில் ‘லூக்வார்ம் வாட்டரில் ஈஸ்ட்டைக் கரைக்கவும், ஒரு பங்கு கொதிநீர், இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர்’ என்று இருந்தது. அப்படியே செய்தும் மாவு எழும்பவில்லை. லூக்வார்ம் என்றால் எத்தனை டிகிரி?

சமையல் குறிப்புகளில் லூக்வார்ம் என்பது ஏறக்குறைய உடல் சூடு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். 37-லிருந்து 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. தயிர் உறை ஊற்றும்போது பாலை ‘கைபொறுக்கும் சூட்டுக்கு’ ஆறவிடுவோமே, அது இதைவிட ஒரு பிசிறு கூடுதல்.

உங்கள் மாவைக் கவிழ்த்தது அந்த ஒன்றுக்கு இரண்டு கணக்கு. அது குளிர் நாட்டுக் கணக்கு. அங்கே குழாயில் 10 டிகிரியில் தண்ணீர் வரும். 100 டிகிரி கொதிநீர் ஒரு பங்கும் 10 டிகிரி தண்ணீர் இரண்டு பங்கும் சேர்ந்தால் சரியாக 40 டிகிரி. திருச்சிக் குழாயில் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டு அதே அளவில் கலந்தால் 52 டிகிரி ஆகிவிடும். 55-ஐத் தாண்டினால் ஈஸ்ட் சாக ஆரம்பிக்கும், 52-லேயே துவண்டுவிடும். நம் ஊருக்கு ஒன்றுக்கு ஐந்து. 250 கிராம் மைதாவுக்கு 150 மில்லி தண்ணீர் வேண்டுமென்றால் கொதிநீர் 25 மில்லி, குழாய்த் தண்ணீர் 125 மில்லி. கலந்தால் 40 டிகிரி. பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், அது நல்லதே. ஊட்டியில் தண்ணீர் 15 டிகிரி என்றால் ஒன்றுக்கு இரண்டரை. சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒன்றும் கலக்க வேண்டாம், அது ஏற்கெனவே லூக்வார்ம்தான்.

தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மேலே நுரை கட்டினால் மாவில் ஊற்றலாம். கட்டாவிட்டால் தண்ணீர் சுட்டிருக்கிறது, அல்லது ஈஸ்ட் பழசு. எது என்று தெரிய, இன்னொரு சிட்டிகை ஈஸ்ட்டைச் சர்க்கரை கலந்த சாதாரணக் குழாய்த் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். அதில் நுரைத்தால் குற்றம் சூட்டின் மேல்.

‘வார்ம் வாட்டர்’, ‘லூக்வார்ம் வாட்டர்’ இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். வார்ம் என்றால் தொட்டதும் ‘சூடு’ என்று தெரியும். லூக்வார்மில் சூடா இல்லையா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும்.

கல்லூரி மாணவி, மதுரை: ‘லூக்வார்ம் பிளாங்கெட்’, ‘லூக்வார்ம் கிளைமேட்’ என்று எழுதலாமா?

கூடாது. போர்வை, மாலை வெயில், குழந்தையின் உள்ளங்கை, அடுப்படி மூலையில் பூனை படுக்கும் இடம் எல்லாம் தமிழில் வெதுவெதுப்பாக இருக்கலாம். ஆங்கிலத்தில் இவற்றுக்கு வார்ம் அல்லது கோஸி. லூக்வார்ம் பெரும்பாலும் திரவத்துக்கும் ஆறிப்போன சாப்பாட்டுக்கும் மட்டுமே. ஊட்டி வானிலைக்கு மைல்ட் என்று எழுதுங்கள். லேசான காய்ச்சலுக்கும் ‘மைல்ட் ஃபீவர்’தான், ‘லூக்வார்ம் ஃபீவர்’ என்று ஒன்று கிடையாது.

வாசகர், நாகர்கோவில்: லூக்வார்மில் இருக்கும் ‘லூக்’ யார்? நற்செய்தி எழுதிய லூக்காவா?

லூக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘லியூ’ என்று ஒலிக்கும் ஒரு சொல் உண்டு, இளஞ்சூடு என்று பொருள். அதன் வழி வந்ததுதான் ‘லூக்’. அதற்கே இளஞ்சூடு என்று அர்த்தம் இருக்க, பிறகு ‘வார்ம்’ என்ற சொல்லும் சேர்ந்தது. அதாவது ‘சூடு-சூடு’. நாம் ‘வெது’வை இரட்டித்து வெதுவெதுப்பு என்கிறோமே, அவர்கள் இரண்டு வேறு சொற்களை வைத்து ஏறக்குறைய அதையே செய்திருக்கிறார்கள். (‘நடுசென்டர்’ என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் கவனிக்க.)

வேதாகமத்துடன் ஒரு தொடர்பு உண்டு, ஆனால் அது லூக்கா வழியாக இல்லை, வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரம் வழியாக. லவோதிக்கேயா சபையைப் பார்த்து, நீ குளிரும் இல்லை அனலும் இல்லை, அதனால் உன்னை வாயிலிருந்து உமிழ்ந்துவிடுவேன் என்று சொல்லும் 16-ஆம் வசனம். 14-ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் அந்தப் பழைய ‘லியூ’தான் இருக்கிறது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பில் அது ‘லூக்வார்ம்’ ஆகிவிட்டது. ஆர்வமில்லாத ஆளை லூக்வார்ம் என்று சொல்லும் வழக்கம் பரவலாக வேரூன்றியதற்கு தேவாலயத்தில் காதில் விழுந்த அந்த வசனத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்லலாம். நம் தமிழ் வேதாகமமும் அங்கே ‘வெதுவெதுப்பு’ என்றுதான் சொல்கிறது. தமிழில் வெதுவெதுப்பு திட்டாக வரும் அபூர்வமான இடம் அது. வேதாகமம் வாசித்துப் பழகிய உங்கள் ஊர்க்காரர்களுக்கு அதனாலேயே இந்தச் சொல் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

ஆசிரியை, தஞ்சாவூர்: ‘டெப்பிட்’ என்பதும் இதே பொருள்தானா? மாணவர்கள் அதை ‘டெபிட் கார்டு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாணவர்கள் மேல் தப்பில்லை, நம் எழுத்தின் வேலை அது. தமிழில் ட என்ற ஒரே எழுத்து வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் பொது, ப-வும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல. இளஞ்சூட்டுச் சொல் ‘டீ’ குடிக்கிறோமே அந்த ட-வில் தொடங்கி, ‘ரெட்’, ‘பெட்’ ரூம் என்று சொல்லும்போது வரும் மெல்லிய ட-வில் முடியும். நடுவில் ‘பேப்பர்’ ப. வங்கிச் சொல் ‘டாக்டர்’ ட-வில் தொடங்கி, ‘டிக்கெட்’டின் கடைசி ட-வில் முடியும். நடுவில் ‘பஸ்’ ப. வகுப்பில் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். டெப்பிட்டின் முதல் எழுத்தில் காற்று கையில் அடிக்கும், டெபிட்டில் அடிக்காது. அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில்தான். ‘டீபிட்’ என்று நீட்டுவது தவறு.

லூக்வார்மிலும் ஒரு உச்சரிப்புச் சிக்கல் இருக்கிறது. தமிழில் ‘வார்ம்’ என்று எழுதினாலும் வாயில் ‘ஆ’ வரக் கூடாது. நடுவில் வருவது, ‘வார்’ என்றால் போர் என்கிறோமே, அந்தத் தமிழ்ப் ‘போர்’-இன் ஓகாரம். உதடு குவிய வேண்டும். மேல்பல் கீழ் உதட்டைத் தொடக் கூடாது. வார்ன், வார்ட், குவார்ட்டர் எல்லாவற்றுக்கும் இதே விதி.

பொருளுக்கு வருவோம். டெப்பிட் லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேர், ‘தாபம்’, ‘தபஸ்’ என்ற வடசொற்களுக்கும் வேர். தபஸ்தான் தமிழில் தவம் ஆனது. ஆக, தவமும் டெப்பிட்டும் தூரத்து உறவு. உறவில் ஒருவர் கனன்று எரிய, இன்னொருவர் ஆறிப்போன காபியாகிவிட்டார். பழைய ரோமானியக் குளியலகங்களில் குளிர்நீர் அறைக்கும் வெந்நீர் அறைக்கும் நடுவே மிதச் சூடான அறை ஒன்று இருக்கும், அதன் பெயர் டெப்பிடேரியம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1914-இல் திறந்த பொது நீச்சல்குளத்துக்கே ‘டெப்பிட் பாத்ஸ்’ என்றுதான் பெயர்.

பயன்பாட்டில் வித்தியாசம் இருக்கிறது. வீட்டுப் பேச்சிலும் சமையலறையிலும் லூக்வார்ம். பொருளாதாரப் பக்கத்தில் டெப்பிட்: டெப்பிட் குரோத், டெப்பிட் டிமாண்ட், பங்குச் சந்தையில் டெப்பிட் லிஸ்டிங் (புதுப் பங்கு சந்தைக்கு மந்தமாக வருவது). ‘லூக்வார்ம் குரோத்’ என்று எழுதினால் தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் காதில் இடறும். மனிதரைப் பற்றிப் பேசும்போது லூக்வார்ம் அவரது ஆர்வக் குறைவைச் சொல்லும். டெப்பிட் விளைவின் உயிரில்லாத தன்மையைச் சொல்லும். தலைவர் ஒரு திட்டத்தில் லூக்வார்மாக இருந்தால் அவரது பேச்சு டெப்பிட்டாக இருக்கும்.

மருத்துவத்தில் ‘டெப்பிட் ஸ்பான்ஜிங்’ என்பது நிலைத்துவிட்ட தொடர்: காய்ச்சல்காரரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைப்பது. ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்பதற்குக் காரணம், நடுக்கம் எடுத்தால் உடல் சூடு இன்னும் ஏறும். சொல்லைச் சொன்னோம், சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டனின் ‘நைஸ்’ என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் சிறு குழந்தைகளின் காய்ச்சலுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. மருத்துவரைக் கேளுங்கள்.

மென்பொருள் ஊழியர், கோவை: வாடிக்கையாளர் கூட்டத்துக்குப் பிறகு ‘கிளையன்ட் வாஸ் லூக்வார்ம் ஃபார் தி ஐடியா’ என்று மெயில் போட்டேன். மேலாளர் திருத்தினார். என்ன தவறு? ‘ஹாஃப்-ஹார்ட்டட்’ என்று போட்டிருக்கலாமோ?

‘ஃபார்’தான் தவறு. லூக்வார்முக்குப் பின்னால் ‘அபவுட்’ போடுங்கள், எங்கும் செல்லும். ‘டு’, ‘டுவர்ட்ஸ்’ இரண்டும் சரி. அமெரிக்கர்கள் ‘ஆன்’ போடுவார்கள்: ‘ஷீ இஸ் லூக்வார்ம் ஆன் தி பிளான்’.

ஹாஃப்-ஹார்ட்டட் இங்கே பொருந்தாது. அது செய்யும் வேலைக்கு: அரைமனதாக ஒரு முயற்சி, அரைமனதாக ஒரு மன்னிப்பு. லூக்வார்ம் என்பது காட்டும் எதிர்வினைக்கு. உங்கள் கிளையன்ட் எதையும் செய்யவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். ‘லூக்வார்ம் அட்டெம்ப்ட்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘லூக்வார்ம் அபாலஜி’யை எப்போதாவது பார்க்கலாம். ‘சப்போர்ட்’ மட்டும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

வரவேற்பின் படிகளைக் கீழிருந்து அடுக்கினால் ஃப்ராஸ்டி, கோல்ட், கூல், லூக்வார்ம், வார்ம், என்தூசியாஸ்டிக் என்று வரும். கூல் வரைக்கும் மனத்தாங்கல் இருக்கிறது; லூக்வார்மில் மனத்தாங்கல் இல்லை, ஆசையும் இல்லை. உச்சியில் ‘ஹாட்’ என்று வைத்துவிடாதீர்கள், ‘ஹாட் ரிசெப்ஷன்’ என்றால் அடிதடி நடந்ததோ என்று நினைப்பார்கள். ஒரு நாள் ஆகா என்றும் மறுநாள் வேண்டாம் என்றும் சொல்பவர் லூக்வார்ம் இல்லை. அவரைச் சொல்ல ‘புளோ ஹாட் அண்ட் கோல்ட்’ என்ற மரபுத்தொடர் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பிரிட்டிஷ்காரர் மெயிலில் ‘தி ஃபீட்பேக் வாஸ் சம்வாட் லூக்வார்ம்’ என்று வந்தால் ‘பரவாயில்லை’ என்று படிக்காதீர்கள். நன்றாக இல்லை என்பதை நாசூக்காகச் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அதே ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

வாசகர், சேலம்: ‘லூக்வார்மர்’, ‘லூக்வார்மெஸ்ட்’ உண்டா? நடுவில் இடம் விடலாமா?

இல்லை, ‘மோர் லூக்வார்ம்’ என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் அபூர்வம். ஒரே சொல், இடமும் கோடும் வேண்டாம். இடம் விட்டு முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் லூக் என்ற ஆளுக்குச் சூடேறிவிட்டது போலாகும். ‘வெரி’யைவிட ‘ராதர்’, ‘அட் பெஸ்ட்’ நன்றாக ஒட்டும்: ‘சப்போர்ட் வாஸ் லூக்வார்ம் அட் பெஸ்ட்’.

பகுதிநேர மொழிபெயர்ப்பாளர், சென்னை: செய்தியில் ‘லூக்வார்ம் வெல்கம்’ வந்தது. ‘வெதுவெதுப்பான வரவேற்பு’ என்று எழுதியதை உதவியாசிரியர் அடித்துவிட்டார். வேறு எப்படி எழுதுவது?

அடித்தது நியாயம். அதைப் படிக்கும் தமிழ் வாசகர், விருந்தாளியை அணைத்துக்கொண்டு கம்பளி போர்த்தி உள்ளே அழைத்துப் போனார்கள் என்றுதான் நினைப்பார். செய்தி அப்படியே தலைகீழாகிவிடும்.

இதன் அடியில் இரண்டு தட்பவெப்பங்கள் இருக்கின்றன. குளிர் ஊரில் பிறந்த ஆங்கிலத்துக்குச் சூடு அன்பு: வார்ம் வெல்கம், ஹார்ட்-வார்மிங். வெயில் ஊரில் பிறந்த தமிழுக்குக் குளிர்ச்சிதான் அன்பு: மனம் குளிர்ந்தது, கண் குளிரக் கண்டோம், வயிறு குளிரச் சாப்பிட்டோம். சூடு ஏறினால் நமக்குக் கோபம். மனம் வெதும்பினால் துக்கம். ‘வெதும்பு’வும் ‘வெதுவெதுப்பு’ம் ஒரே குடும்பம் என்றாலும் ஒன்று மனத்தைச் சுடும், மற்றது உடம்புக்கு இதம். (ஈழத்தில் பேக்கரியை வெதுப்பகம் என்கிறார்கள், அங்கே அந்தக் குடும்பம் ரொட்டிக்கும் பயன்பட்டுவிட்டது.) ஆகவே ஆர்வக் குறைவைச் சொல்லத் தமிழில் வெப்பமானியைத் தேட வேண்டாம். சுவைக்கோ ஓசைக்கோ போங்கள். நம்மிடம் சுரத்தில்லாத, உப்புச்சப்பில்லாத, பட்டும் படாத, ஏனோதானோ, ஒப்புக்கு எல்லாம் இருக்கின்றன.

எது எங்கே என்பதற்குக் கொஞ்சம் காது வேண்டும். வரவேற்புக்கும் கைதட்டலுக்கும் ‘சுரத்தில்லாத’. கூட்டணிக் கட்சியின் ஆதரவுக்குப் ‘பட்டும் படாமலும்’. பட விமர்சனத்துக்குச் ‘சுமாரான’. விற்பனை, தேவை, வளர்ச்சி என்றால் ‘மந்தமான’. டெப்பிட் வரும் வணிகச் செய்தி பெரும்பாலும் இந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடும். ‘வேண்டாவெறுப்பான’ என்பதைத் தொடாதீர்கள், அதில் கசப்பு இருக்கிறது. லூக்வார்மில் கசக்கும் அளவுக்குக்கூட அக்கறை கிடையாது. தண்ணீர், பால் வந்தால் மட்டும் வெதுவெதுப்பையும் இளஞ்சூட்டையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செய்திக்கு: ‘அமைச்சருக்குச் சுரத்தில்லாத வரவேற்பு’. தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘பிசுபிசுத்த வரவேற்பு’ என்று சுருக்கலாம், ஆனால் அது ஒரு படி கடுமை. கூட்டமே வராதபோது மட்டும் போடுங்கள்.